நோயுற்றோர் காட்டிய வழி

குரோம்பேட்டையைக் கடந்து தாம்பரத்தை நெருங்கும் மின்சார ரயில், ‘தாம்பரம் சானடோரியம்’ என்னும் நிலையத்தில் நின்று செல்கிறது. அப்பெயர் எதனால் வந்தது என நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? காசநோயாளருக்கென 1928-ஆம் ஆண்டில் டாக்டர் சவரிமுத்து அவர்கள் அங்கு நிறுவிய மருத்துவ இல்லமே அதற்குக் காரணம். 1937-இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. உற்றார் அஞ்சி ஒதுக்கியவர்க்கு இடமளித்த அவ்வளாகமே, பின்னாளில் மற்றொரு நோயினருக்கும் புகலிடமாயிற்று.

1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன், டாக்டர் நிர்மலா ஆகியோரின் முயற்சியால் எச்.ஐ.வி. கிருமி இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அடுத்த பத்தாண்டில், அண்டை மாநிலத்தாரும் தாம்பரம் மருத்துவமனையை நாடி வந்தனர். 1996 முதல் மேலைநாடுகளில் கூட்டு மருந்துகள் உயிர்களைக் காத்தன. அவற்றின் விலையோ நம் ஏழைகளுக்கு எட்டாததாயிருந்தது.

அந்நாளில் நோயுற்றோரே ஒன்று கூடினர். 1997-இல் எச்.ஐ.வி. உள்ளோருக்கான இந்திய வலையமைப்பும், 1998-இல் திருமதி பெ. கௌசல்யா முதலிய பெண்களின் முயற்சியால் பாசிட்டிவ் பெண்கள் வலையமைப்பும் சென்னையில் தோன்றின. கணவனால் நோயுற்று, அவன் மறைந்தபின் புகுந்த வீட்டாரால் விலக்கப்பட்ட பெண்களுக்கு இவை குரலாயின. 2004 ஏப்ரல் முதல் நாள் நடுவணரசு இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது, நாட்டின் முதல் எட்டு மையங்களுள் தாம்பரமும் ஒன்றாயிற்று.

மருந்து வந்தது, போராட்டம் ஓய்ந்ததா? இல்லை. நம் நாட்டுச் சட்டப்படி, ஒரு மருந்துக்குக் காப்புரிமை வழங்கப்படுமுன் எவரும் மறுப்புத் தெரிவிக்கலாம். குழந்தைகளுக்கான நெவிரபின் திரவ மருந்துக்குப் பன்னாட்டு நிறுவனமொன்று காப்புரிமை கோரியது. தனியுரிமை கிட்டினால் பிறர் அதனை மலிவாகச் செய்யவியலாது. மேற்கூறிய இரு அமைப்புகளும் எதிர்த்து வாதிட்டன. 2008-இல் விண்ணப்பம் தள்ளப்பட்டது. சட்டம் பயிலாத தாய்மார், தம் பிள்ளைகளுக்காகச் சட்டத்தின் வாயிலை அணுகி வென்றனர் அன்றோ!

மருத்துவரும் அதிகாரிகளும் இருக்க, நோயாளர் ஏன் முன்னின்று நடத்த வேண்டும் என வினவலாம். இம்மருந்தை வாழ்நாள் முழுதும், நாள் தவறாது உட்கொள்ள வேண்டும். தவறினால் கிருமி மருந்தை எதிர்க்கும் ஆற்றல் பெறும். நாட்கூலி இழந்து மையத்தில் காத்திருத்தல், பேருந்துக் கட்டணம், வீட்டில் மாத்திரையை மறைத்து வைக்கும் அச்சம்: இவையே மருந்தை நிறுத்தச் செய்பவை. இவற்றை அனுபவித்தவரே நன்கறிவர். ஆகவேதான், நோயுற்றோருள் ஒருவரையே பராமரிப்பு ஒருங்கிணைப்பாளராக மையங்களில் அமர்த்தும் முறை ஏற்பட்டது. 2022-இல் சில மருந்துகளுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, தில்லியில் வாரக்கணக்கில் அமர்ந்து போராடியவர்களும் அவர்களே.

இன்று நிலைமை பெரிதும் மாறியுள்ளது. பெரும்பாலோருக்கு நாளொன்றுக்கு ஒரு மாத்திரை போதும். கிருமி கண்டறியவியலாத அளவுக்குக் குறைந்து அந்நிலையிலேயே நீடிப்பின், இல்லற உறவாலும் நோய் பரவுவதில்லை. வேலையிலும் கல்வியிலும் பாகுபாடு காட்டலாகாது என 2017-இல் இயற்றப்பட்ட சட்டம், 2018 செப்டம்பர் முதல் நடைமுறையிலுள்ளது.

எனினும், அண்டை வீட்டாரின் நாவைச் சட்டம் கட்டுப்படுத்துமோ? மையத்தின் வாயிலில் தெரிந்தவர் எவரேனும் காண்பரோ என அஞ்சித் திரும்பிச் செல்பவர் இன்றும் உளர். அவ்வச்சத்தை விளைவிப்பது கிருமியன்று, நாமே. பல்லாவரம் முதல் வண்டலூர் வரை வாழும் நம் பங்குக் குடும்பங்கள் செய்யத்தக்கவை எளியவையே. பிறர் நோயைப் பற்றி அறிந்ததை வெளியிடாதிருத்தல். கைம்பெண்ணுக்கு வாடகை வீடு மறுக்காதிருத்தல். பெற்றோரை இழந்த பிள்ளையின் படிப்புக்குத் துணை நிற்றல். மாதர் சங்கக் கூட்டத்தில் இந்நோயைப் பற்றிப் பேச நேர்ந்தால், முன்வரும் நோயுற்றோர் ஒருவரையே அழைத்துப் பேசச் செய்யுங்கள். அவர்களுக்காக நாம் பேசியது போதும். அவர்கள் பேச நாம் கேட்போம்.