கூகையும் புள்ளி ஆந்தையும்

காரைக்கால் பகுதியில் பெருங்காடு என்று சொல்லத்தக்கது கிடையாது. அரசலாறும் நாட்டாறும் பாயும் வயல்களினிடையே உள்ள தோப்புகளும், கோயிற் கோபுரங்களும், பாழடைந்த பழைய கட்டிடங்களுமே இராப்பறவைகளுக்குப் புகலிடம். அங்ஙனம் குடியிருப்பனவற்றுள் விவசாயிகள் அடிக்கடி காண்பவை கூகையும் புள்ளி ஆந்தையுமாம். ஜனங்கள் பலர் இவ்விரண்டையும் ஒன்றெனவே எண்ணி, சாக்குருவி என்று பெயரிட்டுக் கல்லெறிந்து விரட்டுகின்றனர். உண்மையில் இவை ஆந்தை இனத்திலேயே வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. வயலுக்கு இவை செய்யும் உபகாரமும் வெவ்வேறானது.

புள்ளி ஆந்தை நீளத்தில் மைனா அளவே இருக்கும், ஆனால் பருத்தது. பழுப்பு உடலில் வெண்புள்ளிகளும் மஞ்சட் கண்களும் உடையது. பகலிலும் மரப்பொந்தின் வாயிலில் அமர்ந்து, மனிதரைக் கண்டால் தலையைத் தாழ்த்தியும் உயர்த்தியும் விழித்துப் பார்க்கும். அந்தி வேளையில் இணையாகச் சேர்ந்து சச்சரவிடுவதுபோல் கத்தும். கூகையோ ஓரடிக்குச் சற்று மேற்பட்ட நீளமுள்ளது. வெண்மையான இருதய வடிவ முகமும் கரிய கண்களும் உடையது. நன்றாய் இருட்டிய பின்னரே பெரும்பாலும் வெளிப்படும். கிறீச்சென்று அலறுமேயன்றிக் குழறாது. கூட்டிலுள்ள குஞ்சுகள் இரவெல்லாம் குறட்டைபோல் ஒலியெழுப்பும். ஆளில்லா மச்சில் கேட்கும் அவ்வொலியே பேய்க் கதைகள் பலவற்றிற்குக் காரணம் எனக் கருத இடமுண்டு.

இனி இரையைப் பார்ப்போம். புள்ளி ஆந்தை வண்டு, வெட்டுக்கிளி, பிள்ளைப்பூச்சி முதலியவற்றையே மிகுதியாய்த் தின்னும். சுண்டெலியும் ஓணானும் அகப்பட்டால் விடாது. பெரிய வரப்பெலியை அடக்கும் வலிமை அதற்கில்லை. அவ்வேலை கூகையினுடையது. கூகையின் காதுத் துளைகளில் ஒன்று மற்றொன்றைவிட உயரத்தில் அமைந்திருக்கிறது. ஆதலால் பயிருக்குள் ஓடும் எலியின் சலசலப்பு இரு காதுகளிலும் சிறிது வேறுபட்டு விழ, கண்ணால் காணாமலே இருக்குமிடத்தை அது துல்லியமாய் அறியும். இறகின் ஓரம் மெல்லிய இழைகளாய் இருப்பதால் பறக்கும் ஓசையும் எழாது. எலியை முழுதாய் விழுங்கி, மயிரையும் எலும்பையும் உருண்டையாக உமிழ்ந்துவிடும். இவ்வுருண்டைகளைப் பிரித்துப் பார்த்தால் கூகை தின்றது இன்னதென ஐயமின்றித் தெரியும். காவிரிப் படுகையில் விலங்கியலாளர் இவ்விதம் ஆராய்ந்ததில் வரப்பெலி, புல்லெலி, வயற் சுண்டெலி ஆகியவற்றின் எலும்புகள் ஏராளமாய்க் கிடைத்தன. சம்பா தண்டுருட்டும் தருணத்தில் வரப்பெலி தூர்களைக் கடித்துச் சாய்ப்பதையும், முற்றிய கதிரை வளையில் சேர்ப்பதையும், பின்பு உளுந்து பயற்றுக்குத் தாவுவதையும் அனுபவித்தவர்களுக்கு இதன் பயன் சொல்ல வேண்டுவதில்லை.

தங்குமிடத்திலும் இவை வேறுபடும். புள்ளி ஆந்தைக்கு முதிர்ந்த மரத்தின் பொந்து போதும். ஆகவே பொந்துள்ள பழைய புளி, இலுப்பை மரங்களை விறகுக்காக வீழ்த்தாதிருப்பது நலம். கூகைக்கு இருண்ட விசாலமான மாடம் வேண்டும். திருப்பணியின்போது கோபுர மாடங்களையெல்லாம் கம்பிவலையிட்டு அடைத்துவிட்டால், அது வேறெங்கே போகும்? மலேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் மரப்பெட்டிகளை உயரத்தில் நிறுத்திக் கூகையைக் குடியேற்றியிருக்கிறார்கள். இங்கும் அது செய்யக் கூடியதே. வயலில் ஆங்காங்கே பனைமட்டையோ கழியோ நட்டுவைத்தால் இரண்டும் அமர்ந்து வேட்டையாடும்.

இவ்விரண்டையும் கொல்லுதலை 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. எனினும் கல்லைவிடக் கொடியது விஷம். புரோமோடையோலோன் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தளர்ந்து திரியும். தளர்ந்த எலியே கூகைக்கு எளிதில் அகப்படும்; விஷம் அதன் உடலிலும் சேர்ந்து, உள்ளே இரத்தம் கசிந்து மடியவும் கூடும். பிறகு அடுத்த போகத்து எலிகளைப் பிடிக்க ஆளில்லை. ஆகையால் கூகை நடமாடும் வயல்களில் முதலில் தஞ்சாவூர்க் கிட்டியையும் வளை வெட்டுதலையும் கைக்கொள்ளுக. விஷம் வைத்தே தீர வேண்டுமாயின், நாடோறும் விடியற்காலையில் வரப்புகளைச் சுற்றி வந்து, செத்த எலிகளையும் சாகக் கிடப்பனவற்றையும் பொறுக்கி ஆழப் புதைத்துவிடுக.