சாடிக்குள் பதுங்கும் வாயு

காகசஸ் மலைகளுக்குத் தெற்கே உள்ள ஜார்ஜியா நாட்டில், குடியானவர்கள் வீட்டிலேயே திராட்சை மது தயாரிப்பது வழக்கம். அதற்கு அவர்கள் பயன்படுத்துவது முட்டை வடிவான பெரிய மண்சாடி. அதன் பெயர் க்வெவ்ரி. சாடி முழுவதும் மண்ணில் புதைந்திருக்கும். வாய் மட்டும் தரைமட்டத்தில் தெரியும். இம்முறையை யுனெஸ்கோ 2013-இல் மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகச் சேர்த்தது.

சாறு, தோல், விதை, காம்பு எல்லாவற்றையும் சாடியில் இடுகிறார்கள். வெளியிலிருந்து ஈஸ்ட் சேர்ப்பதில்லை. பழத்தோலிலும் மதுக்கூடத்திலும் தங்கியுள்ள ஈஸ்ட்களே சர்க்கரையை நொதிக்கச் செய்கின்றன. இயற்கை முறைத் தோட்டங்களில் செயற்கைப் பூசணக்கொல்லிகளைத் தவிர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாடியை ஏன் புதைக்க வேண்டும்? நொதித்தலின்போது வெப்பம் வெளிப்படுகிறது. வெப்பநிலை 40 டிகிரி செல்சியசை நெருங்கினால் ஈஸ்ட்கள் தளர்ந்து மடியத் தொடங்கும். தரைக்குள் அரை மீட்டருக்குக் கீழே பகல், இரவு வேறுபாடு அநேகமாக எட்டுவதில்லை. குளிர்ந்த மண் சாடியின் வெப்பத்தை மெல்ல வாங்கிக்கொள்கிறது.

இயற்கையானது என்பதால் தீங்கற்றது என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 180 கிராம் குளுக்கோஸ் நொதித்தால் 92 கிராம் ஆல்கஹாலும் 88 கிராம் கரியமில வாயுவும் கிடைக்கும். பழுத்த திராட்சையின் சாற்றில் லிட்டருக்குச் சுமார் 200 கிராம் சர்க்கரை உண்டு. ஆகவே ஒரு லிட்டர் சாறு ஏறத்தாழ 50 லிட்டர் வாயுவை வெளியிடும். 1,000 லிட்டர் சாறு? 50 கனமீட்டர்! நான்கு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரமுள்ள அறையை அது நிரப்பிவிடும்.

இவ்வாயு காற்றைப்போல் ஒன்றரை மடங்கு கனமானது. நிறமும் மணமும் இல்லாதது. தரையோடு படர்ந்து, பக்கத்தில் திறந்து கிடக்கும் காலிச் சாடிக்குள் நீரைப்போல் இறங்கும். பெரிய சாடிகளைத் துலக்க ஆள் உள்ளே இறங்குவதுண்டு. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

விளக்கை இறக்கிப் பார்த்தால் போதாதா? போதாது. கரியமில வாயு 10 சதவீதமானால் மனிதன் சில நிமிடங்களில் நினைவிழப்பான். அப்போதும் பிராணவாயு சுமார் 19 சதவீதம் இருக்கும். சுடர் எரிந்துகொண்டேயிருக்கக் கூடும். சுடர் அணைந்தால் ஆபத்து நிச்சயம். அணையாவிட்டால் பாதுகாப்பு நிச்சயமில்லை.

காற்றூதியால் அடிவரை புதுக் காற்றைச் செலுத்த வேண்டும். பின்னர் கருவியால் வாயுவை அளந்து பார்த்த பிறகே இறங்க வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கிவிட்டால், சுவாசக் கருவியின்றிப் பின்னால் குதிப்பவரும் அதே கதிக்கு ஆளாவார். நம் ஊர்ப் பாழுங்கிணறுகளுக்கும் கழிவுநீர்த் தொட்டிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அங்கு வேறு நச்சு வாயுக்களும் இருக்கலாம். ஆகவே கூப்பிட வேண்டியது தீயணைப்புப் படையை. அனுப்பக் கூடாதது இன்னொரு மனிதனை.