எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கப் போறீங்களா? அறைக்குள் நுழையும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க

2018 ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில், நோயாளிக்குத் துணையாகப் போன உறவினர் ஒருவர் ஆக்சிஜன் சிலிண்டருடன் எம்.ஆர்.ஐ. அறைக்குள் நுழைந்தார. சிலிண்டரோடு சேர்த்து மெஷின் அவரை இழுத்தது; உயிர் பிழைக்கவில்லை.

மெஷின் ஆஃப்லதானே இருக்குன்னு நினைக்கிறதுதான் பெரிய ஆபத்து. ஸ்கேன் நடக்காதபோதும் காந்தம் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். பல மருத்துவமனைகளில் உள்ள 1.5 டெஸ்லா காந்தம், பூமியின் காந்தப்புலத்தைவிட சுமார் 30,000 மடங்கு வலுவானது.

அதனால சாவி, செல்போன், ஹேர்பின், காது மெஷின் எல்லாம் வெளியிலேயே இருக்கட்டும். கூட வர்றவங்களுக்கும் இதே விதிதான். பேஸ்மேக்கர், காக்ளியர் இம்ப்ளான்ட், மூளை ரத்தக்குழாயில் கிளிப் இருந்தால் முன்கூட்டியே சொல்லி, அதற்கான அட்டையையும் காட்டுங்க. சில புதுவகை பேஸ்மேக்கர்களோடு ஸ்கேன் எடுக்க முடியும். ஆனால் அதை டாக்டர்தான் முடிவு செய்யணும். வெல்டிங், லேத் வேலை பார்த்தவர்கள் கண்ணில் எப்போதாவது இரும்புத்தூள் பட்டிருந்தால், யாரும் கேட்கலைன்னாலும் நீங்களே சொல்லிடுங்க. பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

எக்ஸ்ரே, சி.டி. மாதிரி இதில் கதிர்வீச்சு கிடையாது. சத்தம்தான் அதிகம், காதில் வைக்க பஞ்சோ ஹெட்போனோ தருவாங்க. மூச்சு முட்டுற மாதிரி இருந்தால் கையில் கொடுத்த பஸ்ஸரை அழுத்துங்க, நிறுத்திடுவாங்க. கான்ட்ராஸ்ட் ஊசி போடுவதாக இருந்தால் சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் பற்றி ஊசிக்கு முன்பே சொல்லணும்.