யாரும் சேர்த்துப் படிக்காத கட்டுரைகள்

குளிர்ந்த நீரில் கை பட்டதும் சிலருக்கு விரல்கள் வெளுத்துப்போகும். பிறகு நீலம் பாயும். சூடு திரும்பும்போது சிவந்து வலிக்கும். விரல்நுனிக்கு ரத்தம் கொண்டுபோகும் சிறு தமனிகள் அளவுக்கு மீறிச் சுருங்குவதே காரணம். 1862இல் பிரெஞ்சு மருத்துவர் மோரிஸ் ரேனோ விவரித்ததால் இதற்கு ரேனோ நோய் என்று பெயர். இந்த நோய்க்கு மீன் எண்ணெய் உதவக்கூடும் என்று 1986இல் எழுதியவர் மருத்துவர் அல்லர். சிகாகோ பல்கலைக்கழகத்தின் நூலகவியல் பேராசிரியர் டான் ஸ்வான்சன். அவர் படித்தது இயற்பியல். எந்த நோயாளிக்கும் அவர் மருந்து கொடுத்துப் பார்க்கவில்லை. ஏற்கெனவே வெளியாகியிருந்த மருத்துவக் கட்டுரைகளைத் தேடிப் படித்தார், அவ்வளவுதான்.

அவர் கண்டது இது. ரேனோ நோயை ஆராய்ந்தவர்கள், நோயாளிகள் பலரின் ரத்தம் வழக்கத்தைவிடக் கெட்டியாக இருக்கிறது, தட்டணுக்கள் எளிதில் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன என்று எழுதியிருந்தார்கள். மீன் எண்ணெயை ஆராய்ந்தவர்கள் வேறு கூட்டம். கிரீன்லாந்தின் இனுயிட் மக்களிடம் டென்மார்க் ஆய்வாளர்கள் 1970களில் நடத்திய ஆய்வுகளுக்குப் பிறகு அந்தத் துறை வளர்ந்தது. மீன் எண்ணெய் ரத்தத்தின் கெட்டித்தன்மையைக் குறைக்கிறது, தட்டணுக்கள் ஒட்டுவதைத் தணிக்கிறது, ரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது என்று அவர்கள் எழுதினார்கள். முதல் கூட்டம் கேட்ட கேள்விக்கு இரண்டாவது கூட்டத்திடம் விடை இருந்தது. ஆனால் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கவில்லை. இரண்டையும் இணைத்து ஒரு கட்டுரைகூட வந்திருக்கவில்லை.

ஸ்வான்சன் சொன்னது ஊகம்தான். அமெரிக்காவின் ஆல்பனியில் நடந்து 1989இல் வெளியான மருத்துவச் சோதனை அதற்கு வலு சேர்த்தது. வேறு நோய் எதுவும் இல்லாமல் ரேனோ மட்டும் இருந்தவர்களுக்கு மீன் எண்ணெய் பலன் தந்தது. வேறொரு நோயின் விளைவாக ரேனோ வந்தவர்களுக்குத் தரவில்லை. இதற்கிடையே, 1988இல், ஒற்றைத் தலைவலிக்கும் மெக்னீசியக் குறைவுக்கும் இடையே எவரும் கவனிக்காத 11 இணைப்புகளை ஸ்வான்சன் இதே முறையில் எடுத்துக் காட்டியிருந்தார். பின்னாளைய ஆய்வுகள் பல அதையும் ஆதரித்தன.

இப்படித் தேட முடிவது எதனால்? 1879இல் ஜான் ஷா பில்லிங்ஸ் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், உலக மருத்துவ இதழ்களின் கட்டுரைகளைப் பொருள்வாரியாகப் பட்டியலிட்டு ‘இண்டெக்ஸ் மெடிக்கஸ்’ என்று அச்சிடத் தொடங்கினார். அந்த மரபிலிருந்து 1971இல் மெட்லைன் என்ற கணினித் தரவுத்தளம் பிறந்தது. 1997இல் பப்மெட் என்ற பெயரில் அது உலகம் முழுவதற்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. இன்று பப்மெட்டில் மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. மெட்லைனில் சேரும் கட்டுரை ஒவ்வொன்றுக்கும் ஒரே சீரான பொருள்தலைப்புகள் இடப்படுகின்றன. கட்டுரையாளர் ‘ஹார்ட் அட்டாக்’ என்று எழுதினாலும் ‘மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்’ என்று எழுதினாலும் இரண்டும் ஒரே தலைப்பின் கீழ் வந்து சேரும். அதனால் இரண்டு தலைப்புகளைக் கோத்துத் தேடும்போது ஒன்றும் வராவிட்டால், அந்த வெறுமையே ஒரு செய்தி: இந்த இரண்டையும் இதுவரை யாரும் சேர்த்து எழுதவில்லை என்பதற்கான தடயம்.

ஆனால் தரவுத்தளத்துக்கு எல்லை உண்டு. 2001இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்துமா ஆய்வொன்றில் பங்கேற்ற ஆரோக்கியமான 24 வயதுப் பெண், ஹெக்சமெத்தோனியம் என்ற மருந்தைச் சுவாசித்தபின் நுரையீரல் பாதிக்கப்பட்டு இறந்தார். ஆய்வுக்கு முன் பப்மெட்டில் தேடியிருந்தார்கள். ஆனால் அன்றைய பப்மெட் 1966 வரைதான் பின்னோக்கிப் போகும். அந்த மருந்து நுரையீரலைக் கெடுக்கும் என்ற எச்சரிக்கையோ 1950களின் இதழ்களில், அச்சுப் பட்டியல்களில் கிடந்தது. எங்கே தேடுகிறோம், அங்கே எது இல்லை என்று தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருப்பது உயிர் காக்கும் விஷயம்.

பல்கலைக்கழக நூலகம் அந்த இடத்தில்தான் நிற்கிறது. பப்மெட் பெரும்பாலும் சுருக்கத்தையே காட்டும். பல இதழ்களின் முழுக்கட்டுரைக்குச் சந்தா வேண்டும். அந்தச் சந்தாவை நூலகம் கட்டுகிறது. நூலகரோ சரியான பொருள்தலைப்பைத் தேர்ந்து தருவார். பழைய இதழ்களுக்கும் வழிகாட்டுவார்.

ஆய்வு என்றதும் நுண்ணோக்கியும் சோதனைக்கூடமும்தான் நம் மனதில் வருகின்றன. தேடிப் படிப்பதும் ஆய்வே. அதுவும் புதிய உண்மையைத் தரும் என்று ஸ்வான்சன் காட்டியிருக்கிறார். மருத்துவமோ உயிரியலோ படிக்கும் மாணவர்களே, ஆய்வுத் தலைப்பை முடிவு செய்யும் முன்பே, உங்கள் கேள்வியோடு நூலகரிடம் போய் உட்காருங்கள். உங்கள் துறைக் கட்டுரைகளோடு பக்கத்துத் துறைக் கட்டுரைகளையும் கேட்டு வாங்கிப் படியுங்கள்.