கல்லூரி கொடுக்கும் ஒரு லிங்க்… கூகுளில் முதலிடம் தருமா? தெரியுமா?

ஒரு இணையதளம் இன்னொரு தளத்துக்குக் கொடுக்கும் லிங்க்தான் 'பேக்லிங்க்'. அது கல்லூரித் தளத்திலிருந்து வந்துவிட்டால் கூகுளில் ஜாக்பாட் என்று, தளங்களைத் தேடலில் முன்னுக்குக் கொண்டுவரும் எஸ்.இ.ஓ. வட்டாரத்தில் பல வருஷப் பேச்சு. நிஜமா? வாங்க, பார்த்துவிடலாம்!

● ஒரே நாளில் ஐந்து பிறப்பு! கார்னகி மெலன், பர்டியூ, ரைஸ், யு.சி.எல்.ஏ., பெர்க்லி ஆகிய ஐந்து அமெரிக்கக் கல்வி நிறுவனங்களும் கல்லூரிகளுக்கான 'டாட் இடியு' முகவரியைப் பதிவு செய்தது 1985 ஏப்ரல் 24 அன்று. அப்போது வேர்ல்டு வைட் வெப் பிறக்கவே இல்லை!

● காசு கொடுத்தாலும் கிடைக்காது! 'டாட் காம்' யார் வேண்டுமானாலும் வாங்கலாம். 'டாட் இடியு'வோ 2001 முதல் அங்கீகாரம் பெற்ற அமெரிக்க உயர்கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்தான். அதற்கு முன்பே வாங்கியவர்கள் தப்பித்தார்கள். அந்த அதிர்ஷ்டசாலிகளில் ஒருவர் யார் தெரியுமா? நம்ம கிண்டி அண்ணா பல்கலைக்கழகம்! பக்கத்து ஐ.ஐ.டி. மெட்ராஸுக்குக்கூட 'ஏசி டாட் இன்'தான்.

● கூகுளே கல்லூரிப் பிள்ளை! லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1996-ல் ஸ்டான்ஃபோர்டில் 'பேக்ரப்' என்ற தேடுபொறியை ஓட்டினார்கள். அதுதான் பிறகு கூகுள் ஆனது. அதன் ஆரம்பகால முகவரி 'கூகுள் டாட் ஸ்டான்ஃபோர்ட் டாட் இடியு'!

● லிங்க் என்றால் ஓட்டு! ஒரு ஆய்வுக் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதை வைத்து அதன் மதிப்பை எடைபோடுவது பேராசிரியர்களின் பழைய வழக்கம். அதையே வலைப்பக்கங்களுக்குப் பொருத்தியதுதான் 'பேஜ்ரேங்க்'. ஆனால் எல்லா ஓட்டும் சமமில்லை. பலர் லிங்க் கொடுக்கும் பக்கத்தின் ஓட்டுக்குக் கனம் அதிகம். அதே பக்கம் 100 பேருக்கு லிங்க் கொடுத்தால் அந்தக் கனம் நூறாகப் பிரியும்! கல்லூரித் தளங்கள் பழசு. ஊரே அவற்றுக்கு லிங்க் கொடுக்கிறது. கனம் வந்தது அப்படித்தான்.

● கட்டிலுக்குக் கல்லூரி சிபாரிசு! அமெரிக்க ஆன்லைன் கடை ஓவர்ஸ்டாக் என்ன செய்தது தெரியுமா? மாணவர்கள், ஆசிரியர்களுக்கு 10 சதவீதத் தள்ளுபடி. பதிலுக்குக் கல்லூரிப் பக்கங்களில் அடுக்குக் கட்டில், பரிசுக் கூடை என்ற சொற்களைப் போட்டுக் கடைக்கு லிங்க்! 2011 பிப்ரவரியில் கூகுள் பிடித்துவிட்டது. வேக்குவம் கிளீனர், லேப்டாப் என்று தேடினால் முதல் பக்கத்தில் நின்ற கடை, ஐந்தாம் ஆறாம் பக்கத்துக்குப் போய் விழுந்தது. அங்கே யார் போய்ப் பார்ப்பார்கள்?

● உதவித்தொகையிலும் உள்குத்து! கல்விக்குச் சம்பந்தமே இல்லாத கம்பெனிகள் திடீரென ஸ்காலர்ஷிப் அறிவிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? சிலவற்றின் கண், கல்லூரியின் நிதியுதவிப் பக்கத்தில் கிடைக்கும் அந்த ஒற்றை லிங்க் மேல்தான்!

● கூகுள் சொல்வதோ வேறு! 'டாட் இடியு' என்பதற்காக மட்டும் தனிச் சலுகை எதுவும் கிடையாது என்று கூகுள்காரர்களே பலமுறை சொல்லிவிட்டார்கள். துறைப் பேராசிரியர் பாடத்துக்கு உதவும் என்று சேர்த்த லிங்க்குக்கு மதிப்பு உண்டு. எவரோ காசு வாங்கிக்கொண்டு மூலையில் செருகியதைக் கண்டுபிடித்தால் கூகுள் கணக்கிலேயே சேர்க்காது.

● அதே ஏப்ரல் 24! போலி லிங்க்குகளை வேட்டையாடிய கூகுளின் 'பெங்குவின்' அல்காரிதம் மாற்றம் வெளியான தேதி 2012 ஏப்ரல் 24. முதல் 'டாட் இடியு'க்கள் பிறந்து சரியாக 27 ஆண்டு! என்ன பொருத்தம்!

● கடைசியில் லாபம் யாருக்கு? லிங்க் கணக்கால் பெருந்தொகை பார்த்த கல்லூரி ஒன்று உண்டு. பேஜ்ரேங்க் காப்புரிமை ஸ்டான்ஃபோர்டின் பெயரில்தான் இருந்தது. அதைப் பயன்படுத்த கூகுள் கொடுத்தது 18 லட்சம் பங்குகள். 2005-ல் அவற்றை விற்று ஸ்டான்ஃபோர்ட் அள்ளிய தொகை 33 கோடியே 60 லட்சம் டாலர். அதற்காக அது ஒரு லிங்க்கைக்கூட விற்கவில்லை!