பழைய கமராவும் பிள்ளையார் தேரும்

லாச்சப்பலில் தேர் இழுக்கும் நாள் உங்களுக்குத் தெரியும். ஆகஸ்ட் கடைசியில் அல்லது செப்டெம்பர் தொடக்கத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அது நடக்கும். 1985இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயத்திலிருந்து பிள்ளையார் தேரில் ஏறித் தெருவுக்கு வருவார். காவடி ஆடுவார்கள். பெண்கள் தலையில் கற்பூரச்சட்டி வைத்து வருவார்கள். குவித்து வைத்த தேங்காய்களைச் சிதற அடிப்பார்கள்.

ஊரில் இருக்கும் அம்மம்மாவுக்கு இதையெல்லாம் பார்க்க ஆசை இருக்கும். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்த பல குடும்பங்கள் தங்கள் அல்பங்களை வீட்டிலேயே விட்டுவிட்டு ஓடின. அதனால்தான் எங்கள் வீடுகளில் ஒரு பழைய படம் இருந்தால் அதைப் பவுண் போலப் பாதுகாக்கிறார்கள். இன்றைக்கு நீங்கள் எடுக்கும் படமும் ஒருநாள் பழைய படம் ஆகும்.

“அண்ணா, எங்களிட்ட இருக்கிறது பழைய கமராதானே. பத்து வருசத்துக்கு மேல ஆச்சு. இது காணுமோ?”

நல்ல கேள்வி. பதில் சொல்ல முதல், அந்தக் கமரா எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

கண்ணாடி இல்லாத கமரா

முன்பு இருந்த பெரிய கமராக்களின் உள்ளே ஒரு சின்னக் கண்ணாடி சாய்வாக இருக்கும். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை அது மேலே திருப்பும். நாங்கள் ஒரு சின்ன ஜன்னலில் கண் வைத்துப் பார்ப்போம். பொத்தானை அமத்தினால், கண்ணாடி ‘டக்’ என்று மேலே போகும்.

‘மிரர்லெஸ்’ கமராவில் அந்தக் கண்ணாடி இல்லை. வெளிச்சம் நேரே சென்சரில் விழும். சென்சர் பார்ப்பதைத் திரை காட்டும். 2008இல் வந்த பானாசோனிக் ஜி1 இந்த வகைக்கு வழி திறந்தது. கண்ணாடி போனதால் கமரா சிறியதாகிப் பாரமும் குறைந்தது.

2014இல் வந்த சோனி ஆல்ஃபா 5000 அப்படி ஒரு கமரா. புதிதாகப் பழகுகிறவர்களுக்காகச் செய்தது. அதன் குறைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

குறைகளும் வழிகளும்

1. வெயிலில் திரை தெரியாது. இந்தக் கமராவில் கண் வைத்துப் பார்க்கும் ஜன்னல் இல்லை. திரை மட்டும்தான். மத்தியான வெயில் பட்டால் திரை மங்கிவிடும். தொப்பியாலோ கையாலோ திரைக்கு நிழல் கொடுங்கள்.

2. போக்கஸ் மெதுவாகப் பிடிக்கும். இந்தக் கமரா லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, எங்கே தெளிவு கூட என்று தேடும். அதற்குள் காவடி ஆடுகிறவர் நகர்ந்துவிடுவார். வழி என்ன? அவர் வரப்போகும் இடத்தை முதலிலேயே பாருங்கள். அங்கே பொத்தானைப் பாதி அமத்திப் போக்கஸ் பிடியுங்கள். விரலை எடுக்காமல் காத்திருங்கள். அவர் அந்த இடத்துக்கு வந்ததும் முழுதாக அமத்துங்கள்.

3. இருட்டில் படம் கெடும். கமராவோடு வரும் சாதாரண லென்ஸ் நிறைய வெளிச்சத்தை உள்ளே விடாது. இருட்டில் ஷட்டர் நெடுநேரம் திறந்திருக்கும். ஆட்கள் அசைந்தால் படம் கலங்கும். அதைத் தவிர்க்க ஐ.எஸ்.ஓ. கூட்டினால், படத்தில் மணல் தூவியதுபோலப் புள்ளிகள் வரும். அசையாத விளக்கையோ வாசலையோ எடுப்பதானால், கமராவை ஒரு மேசையில் வைத்து எடுக்கலாம். கோயிலுக்குள் எடுக்க முதல் கேட்டுவிட்டு எடுங்கள்.

4. பற்றரி கனநேரம் நிற்காது. புதிதாக இருந்தபோது ஒரு பற்றரியில் ஏறக்குறைய 400 படம் எடுக்கலாம். பழசானால் அது குறையும். சட்டைப் பையில் இன்னொரு பற்றரி இருக்கட்டும்.

இது குறையா, இல்லையா?

“புதுக் கமராவில 40 மெகாபிக்சல் இருக்காம். இதில 20 மட்டும்தான்!”

கணக்குப் பார்ப்போம். அல்பத்தில் ஒட்டும் 10 × 15 சென்ரிமீற்றர் படத்துக்கு ஏறக்குறைய 2 மெகாபிக்சல் போதும். ஏ4 தாள் அளவுக்குப் பெரிதாக்க ஏறக்குறைய 9 போதும். அப்படியென்றால் அம்மம்மாவின் அல்பத்துக்கு 20 தாராளம். எண் சின்னது என்பதால் மட்டும் அது குறை ஆகாது.

எல்லாக் கமராவுக்கும் குறை உண்டு

படம் எடுக்கும் முறையை உலகத்துக்கு அறிவித்ததே பாரிஸில்தான். ஆண்டு 1839. அதற்கு முந்திய ஆண்டு, லூயி டகேர் என்பவர் உயரத்தில் இருந்த ஜன்னல் வழியாக ‘பூல்வார் து தாம்பிள்’ தெருவைப் படம் எடுத்தார். அது இன்றைய ரிப்பப்ளிக் சதுக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. சனமும் குதிரை வண்டிகளும் நிறைந்த தெரு. ஆனால் படத்தில் தெரு வெறுமையாகத் தெரிகிறது! ஏன்? வெளிச்சம் பதிய நிமிடக்கணக்கில் நேரம் எடுத்தது. நடந்தவர்கள் யாரும் பதியவில்லை. சப்பாத்துத் துடைக்க நின்ற ஒருவர் பதிந்தார். அசையாமல் நின்றதுதான் காரணம்.

அவ்வளவு மெதுவான கமரா. என்றாலும் அந்தப் படம் இன்றும் பேசப்படுகிறது.

அப்போ, காணுமோ?

எதை எடுக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பகல் வெளிச்சத்தில் தேர், கோலம், அப்பப்பாவின் முகம் இவற்றுக்குப் பழைய கமரா நன்றாகவே காணும். அதன் சென்சர் போனில் உள்ளதைவிடப் பல மடங்கு பெரிது. அதனால் முகம் தெளிவாகவும் பின்னால் இருப்பவை மென்மையாகவும் வரும். இரவில் ஓடி விளையாடும் தம்பியை எடுக்கப் போன் சுகம். அம்மம்மாவுக்கு உடனே அனுப்புவதற்கும் போன்தான் சுகம்.

குறை இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். “அந்தக் குறை என்ர படத்தைக் கெடுக்குமோ?” என்றும் கேளுங்கள். கெடுக்காது என்றால் காசை மிச்சம் பிடியுங்கள்.

செய்து பாருங்கள்

1. வீட்டில் உள்ள கமராவாலும் போனாலும் ஒரே ஆளைப் படம் எடுங்கள். என்ன வித்தியாசம் தெரிகிறது? மூன்று வசனம் எழுதுங்கள்.
2. உங்கள் வீட்டில் இருக்கும் மிகப் பழைய படம் எது? அதில் யார் யார் நிற்கிறார்கள்? பெரியவர்களிடம் கேட்டு வந்து வகுப்பில் சொல்லுங்கள்.