வந்த பொட்டலமும் வாயில் முகவரியும்

1986-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற எர்னெட் திட்டம், டெல்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகம் முதலிய நிலையங்களைக் கணிப்பொறி வலையால் பிணைத்தது. இத்தகைய வலைகளில் ஒரே கணிப்பொறிக்கு இணைப்பு வாயில்கள் பல இருத்தல் கூடும். அவற்றுள் ஒன்றன் வழியே செய்திப் பொட்டலம் வருங்கால், அவ்வாயிலின் முகவரியை எங்ஙனம் அறிவது?

பொட்டலத்தின் தலைப்பிலுள்ள சேருமுகவரியையே வாயிலின் முகவரியாகக் கொள்ளுதல் பிழையாகும். லினக்ஸ் இயக்க முறை, தனக்குரிய எம்முகவரிக்கு வரும் பொட்டலத்தையும் எவ்வாயிலிலும் ஏற்கும் இயல்புடையது. இதனை மறந்தால், வெளிவாயிலில் நுழைந்ததை உள்வாயிலில் வந்ததாகக் காவல் நிரல் மயங்கும்.

ஆகவே கெர்னல், பொட்டலத்தோடு அது நுழைந்த வாயிலின் குறிப்பையும் வைத்துள்ளது. அக்குறிப்பைப் பற்றிச் சென்றால் முகவரிப் பட்டியல் கிட்டும். ஒரு வாயிலுக்கு முகவரிகள் பலவாகலாம், முதலாவதோடு நிற்றலாகாது. படித்து முடியும்வரை பட்டியலின் பதிவுகள் அழியாதவாறு காத்தலும் வேண்டும். இன்றேல் கணிப்பொறி முழுவதுமே நின்றுவிடக்கூடும்.